முதலில் நீங்க யாருன்னு சொல்லுங்க

அம்பத்தூர் ஓ.டி. பக்கம் ஆர்ஓ மெஷின் சர்வீஸ் செய்கிற நண்பர் ஒருவர் இருக்கிறார். கடை என்றால் ஒரு ஷட்டர், ரெண்டு பையன்கள், ஒரு பழைய ஸ்கூட்டர், சுவர் முழுக்க ஃபில்டர் டப்பாக்கள். அவ்வளவுதான். வடக்கே புழல் ஏரி, தெற்கே செம்பரம்பாக்கம் ஏரி. இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு நாம் வீட்டுக்கு வீடு ஆர்ஓ மாட்டியிருக்கிறோம். போர் தண்ணீர் லட்சணம் அப்படி. அவருக்கு வேலைக்குப் பஞ்சமே வரக் கூடாது. போன மாதம் பார்த்தபோது வேறொரு பஞ்சத்தைச் சொன்னார்.

“யாருமே போன் எடுக்க மாட்டேங்கிறாங்க சார். கம்ப்ளைன்ட் குடுத்தவங்களே எடுக்க மாட்டேங்கிறாங்க. பையன் அயனம்பாக்கத்துல ஒரு அபார்ட்மென்ட் கேட்ல நிக்கிறான். வாட்ச்மேன் ஃபிளாட்டுக்கு போன் போட்டு சொல்லச் சொல்லுங்கிறாரு. நான் போட்டா கட் பண்றாங்க.”

அவர் நம்பரை ட்ரூகாலரில் தேடிப் பார்த்தோம். ஸ்பேம் என்று சிவப்பில் வந்தது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘ஆர்ஓ தொல்லை’ என்று எவரோ செல்லமாக வைத்த பெயர். மனுஷன் முகம் செத்துப்போனது.

“ஆறு மாசத்துக்கு ஒரு தரம் கேண்டில் மாத்தணும்னு ஞாபகப்படுத்துறது தப்பா சார்?”

தப்பில்லை. ஆனால் அதே ஊரில், அதே வீடுகளுக்கு, “உங்க மெஷினோட வாரன்டி முடியுது மேடம், நாங்க கம்பெனியிலிருந்து பேசறோம்” என்று வேறு சிலரும் பேசுகிறார்கள். அவர்கள் எந்தக் கம்பெனியும் இல்லை. எங்கிருந்தோ லிஸ்ட் வாங்கிக்கொண்டு, வீட்டுக்கு ஆள் அனுப்பி, நன்றாக இருக்கிற மெம்ப்ரேனைக் கழற்றி மாற்றிக் காசு வாங்கிப் போகிறவர்கள். ஒருமுறை அப்படி ஏமாந்த வீட்டுக்காரம்மா அடுத்து வருகிற ஆர்ஓ போன் எதுவானாலும் ஸ்பேம் என்று அமுக்கிவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. ட்ரூகாலர் என்பது 2009இல் ஸ்டாக்ஹோமில் தொடங்கிய கம்பெனி. இன்று அதன் மிகப் பெரிய சந்தை இந்தியாதான். அதில் வருகிற பெயர் பெரும்பாலும் ஊர் கூடி வைக்கிற பெயர். ஊர் வைத்த பட்டப்பெயர் சுலபத்தில் போகாது என்பது நமக்கே தெரியும்.

நான் சில வருஷம் மொத்த எஸ்எம்எஸ் விற்கிற ஒரு நிறுவனத்தில் குப்பை கொட்டியவன். அதனால் இந்தப் போன் விவகாரத்தைப் பற்றி யாராவது வாயெடுத்தால் எனக்குப் பேச்சு நிற்காது. நண்பர் ஒரு டீ சொன்னார். அப்போது பேசினதையும், பிறகு யோசித்ததையும் இங்கே எழுதுகிறேன்.

முன்னே லேண்ட்லைன் காலத்தில் நம்பரே பாதி விலாசம். 044க்குப் பிறகு 26 என்று வந்தால் நம்ம மேற்குப் பக்கம் என்று சொல்லிவிடலாம். அந்த நம்பருக்குப் பின்னால் ஒரு கட்டடம், ஒரு கம்பி, கம்பியின் முனையில் ஒரு மேஜை இருந்தது. ஆள் மாறினாலும் மேஜை மாறாது. மொபைல் வந்தபோது நம்பர் விலாசத்தை விட்டுக் கழன்றது. 2011 ஜனவரியில் நம்பரை மாற்றாமல் கம்பெனியை மாற்றிக்கொள்ளும் வசதி நாடு முழுக்க வந்தது. அதோடு எந்தக் கம்பெனி நம்பர் என்பதும் போயிற்று. மிச்சம் பத்து இலக்கம். அதைப் பார்த்து எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டும் என்றால், எடுக்காமல் விடுவதே புத்திசாலித்தனம் என்று ஜனங்கள் முடிவுக்கு வந்துவிட்டார்கள்.

அரசாங்கம் சும்மா இருந்தது என்று சொல்ல மாட்டேன். 2007இல் ‘தொந்தரவு செய்யாதே’ பட்டியல் வந்தது. 2010இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் போட்ட விதிகள் அடுத்த வருஷம் செப்டம்பரில் முழுசாக அமலுக்கு வந்தன. 1909க்கு மெசேஜ் அனுப்பிப் பட்டியலில் சேர்ந்தவர்கள் இந்தப் பக்கம் ஏராளம். சேர்ந்த பிறகும் “பர்சனல் லோன் வேணுமா சார்” நிற்கவில்லை. காரணம் சுலபம். பதிவு செய்துகொண்ட டெலிமார்க்கெட்டிங் கம்பெனி விதிக்குக் கட்டுப்படும். சாதாரண சிம் நாலு வாங்கி வைத்துக்கொண்டு பேசுகிறவன் எந்த விதிக்குக் கட்டுப்படுவான்?

அதற்காகத்தான் 2018 ஜூலையில் புது விதிகள் வந்தன. எங்கள் தொழிலில் எல்லோரும் டிஎல்டி, டிஎல்டி என்று தலையில் கைவைத்துக்கொண்டு திரிந்தது அதனால்தான். டிஎல்டி என்றால் பிளாக்செயின் முறையில் ஒரு பேரேடு. மெசேஜ் அனுப்புகிற ஒவ்வொரு நிறுவனமும் அதில் தன்னைப் பதிவு செய்ய வேண்டும். எந்தப் பெயரில் அனுப்பப்போகிறது என்று பதிவு செய்ய வேண்டும். அதைவிட முக்கியம், என்ன வாசகம் அனுப்பப்போகிறது என்பதையும் முன்கூட்டியே கொடுத்து ஒப்புதல் வாங்க வேண்டும். வாசகத்தில் பெயர், தொகை, தேதி மாதிரி மாறுகிற இடங்களை மட்டும் காலியாக விடலாம். மற்றபடி ஒரு கால்புள்ளி பிசகினாலும் மெசேஜ் போகாது.

2021 மார்ச் 8. வாசகம் ஒத்துப்போகாத மெசேஜ்களை வடிகட்டத் தொடங்கிய நாள். வங்கி ஓடிபி வரவில்லை, ஆதார் ஓடிபி வரவில்லை, ரயில் டிக்கெட் ஓடிபி வரவில்லை, அப்போதுதான் சூடு பிடித்திருந்த கொரோனா தடுப்பூசிப் பதிவின் ஓடிபியும் வரவில்லை. பெரிய பெரிய நிறுவனங்களே தங்கள் வாசகங்களை ஒழுங்காகப் பதிவு செய்திருக்கவில்லை. மறுநாளே டிராய் அந்த வடிகட்டலை ஒரு வாரத்துக்கு நிறுத்தி வைத்தது. எங்கள் ஆபீஸில் அன்றைக்கு மதியச் சாப்பாட்டு டப்பாவை யாரும் திறக்கவில்லை. ஆனாலும் அந்த முறை நல்ல முறை என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். வாசகத்தைக் கட்டிப்போட்டது போதாது என்று 2024 அக்டோபரிலிருந்து மெசேஜுக்குள் வருகிற லிங்குகளையும் முன்கூட்டியே பதிவு செய்தால்தான் போகும் என்று ஆக்கினார்கள்.

உங்கள் போனில் வந்திருக்கிற வங்கி மெசேஜ் ஒன்றைத் திறந்து தலைப்பைப் பாருங்கள். முன்னால் இரண்டு ஆங்கில எழுத்து, ஒரு கோடு, பிறகு ஆறு எழுத்துப் பெயர். முதல் எழுத்து எந்த டெலிகாம் கம்பெனி வழியாக வந்தது என்பது, இரண்டாவது எந்த வட்டத்திலிருந்து என்பது. 2025 பிப்ரவரியில் போட்ட திருத்தத்துக்குப் பிறகு கடைசியில் இன்னொரு எழுத்தும் ஒட்டிக்கொண்டது. பி என்றால் விளம்பரம், எஸ் என்றால் சேவை, டி என்றால் பரிவர்த்தனை, ஜி என்றால் அரசாங்கம். ரொம்ப உபயோகமான எழுத்து. ஆனால் நான் கேட்டுப் பார்த்தவரை எங்கள் தெருவில் அதை யாரும் கவனிப்பதில்லை. கவனிக்கச் சொல்லி யாரும் தமிழில் சொல்லித் தந்ததாகவும் தெரியவில்லை.

பேச்சுக்கும் இதே மாதிரி வரிசை உண்டு. விளம்பரத்துக்குப் பேசினால் 140 என்று தொடங்கும். வங்கி, இன்சூரன்ஸ் மாதிரி இடங்களிலிருந்து கணக்கு சம்பந்தமாகப் பேசினால் 1600 என்று தொடங்க வேண்டும். ரிசர்வ் வங்கி இதை 2025 ஜனவரியில் வங்கிகளுக்குச் சொன்னது. டிராய் அந்த ஆண்டு நவம்பரில் தேதி குறித்தது. வங்கிகளுக்கு 2026 ஜனவரி 1 கெடு, மற்ற நிதி நிறுவனங்களுக்கு அடுத்தடுத்த வாரங்களில். ஆகவே பத்து இலக்க சாதாரண நம்பரிலிருந்து “சார், உங்க பேங்க்லேர்ந்து பேசறோம்” என்றால், தாராளமாக வைத்துவிடலாம்.

இந்த இடத்தில் நண்பர் ஒரு கேள்வி கேட்டார். “எனக்கு 1600 குடுப்பாங்களா சார்?”

கொடுக்க மாட்டார்கள். அந்த வரிசை நிதித் துறைக்கும் அரசாங்கத்துக்கும். ஆர்ஓ கடைக்கு இல்லை. டிஎல்டியில் பதிவு செய்துகொள்ளலாம், ஆனால் வரியோடு 5,900 ரூபாய் என்பது பல டெலிகாம் கம்பெனிகள் வைத்த கட்டணம். காகிதம் கேட்பார்கள், வாசகம் திருப்பி அனுப்புவார்கள். ரெண்டு பையன்களை வைத்து நடத்துகிற கடைக்கு அதைப் பார்த்துக்கொள்ள மூன்றாவதாக ஒரு பையன் வேண்டும்.

அவருக்குத் தெரியாத இன்னொரு செலவும் உண்டு. இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் கோபமே வரும். ஒரு எஸ்எம்எஸ்ஸில் ஆங்கிலத்தில் எழுதினால் 160 எழுத்து கொள்ளும். தமிழில் எழுதினால் 70தான். அந்த எழுபதும் நாம் பள்ளிக்கூடத்தில் எண்ணுகிற எழுத்து இல்லை. யூனிகோடில் புள்ளிக்குத் தனி இடம், கொம்புக்கும் சுழிக்கும் தனி இடம். அம்பத்தூர் என்பது நமக்கு ஆறெழுத்து, கம்ப்யூட்டருக்குப் பத்து. பூந்தமல்லியும் அப்படியே, ஆறு பத்தாகிறது. ஆவடி மட்டும் தப்பித்தது, நாலோடு நின்றுவிடும். ‘உங்கள் வீட்டு மெஷினைப் பார்க்க நாளை காலை எங்கள் ஆள் வருகிறார், அவர் பெயர் இது, கட்டணம் இவ்வளவு’ என்று மரியாதையாகத் தமிழில் எழுதினால் இரண்டு மூன்று எஸ்எம்எஸ் காசு. அதனால்தான் எல்லோரும் ஆங்கிலத்தில் அனுப்பினார்கள், அனுப்புகிறார்கள். பட்டாபிராமில் இருக்கிற பாட்டிக்கு வங்கியிலிருந்து நிஜமாக வருகிற மெசேஜும் புரியாது, திருடன் அனுப்புகிற மெசேஜும் புரியாது. இரண்டையும் பக்கத்து வீட்டுப் பையனிடம்தான் காட்ட வேண்டும். நம்பிக்கை, சரிபார்ப்பு என்றெல்லாம் மேடை போட்டுப் பேசுகிறவர்கள் இந்த எழுபதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

புரியாத மெசேஜ் என்ன செய்யும் என்பதற்கு 2022இல் வந்த கரண்ட் பில் மோசடி நல்ல உதாரணம். இன்று இரவு 9.30 மணிக்கு உங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும், போன மாத பில் அப்டேட் ஆகவில்லை, உடனே எங்கள் அதிகாரியைக் கூப்பிடுங்கள் என்று ஆங்கிலத்தில் ஒரு மெசேஜ், கீழே ஒரு மொபைல் நம்பர். நாடு முழுக்கச் சுற்றியது, தமிழ்நாட்டிலும் நிறையப் பேருக்கு வந்தது. கூப்பிட்டால் ஒரு ஆப்பைப் போட்டுக்கொள்ளச் சொல்வார்கள். போட்டால் நம் போன் அவன் கைக்குப் போய்விடும். மின்வாரியமும் போலீஸும் எச்சரித்தன. இதில் வேடிக்கை, தமிழ்நாட்டில் வீடுகளுக்கு ரீடிங் எடுப்பது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. ‘போன மாத பில்’ என்ற வார்த்தையே அவன் இந்த ஊர்க்காரன் இல்லை என்று சொல்லிக்கொடுத்தது. நிதானமாக இருந்தால் பிடித்திருக்கலாம். ராத்திரி ஒன்பதரைக்கு ஃபேன் நின்றுவிடும் என்றால் எங்கிருந்து நிதானம் வரும்?

சரி, பத்து இலக்க மொபைல் நம்பரை நம்பாதே என்று ஒரு விதி வைத்துக்கொள்ளலாமா என்றால் அதுவும் நடக்காது. மின்வாரியத்தின் மின்னகம் நம்பரே 94987 94987. 2021 ஜூனில் தொடங்கிய நிஜமான, நன்றாக வேலை செய்கிற புகார் எண். பார்த்தால் யாரோ ஒருவரின் மொபைல் நம்பர் மாதிரிதான் இருக்கிறது. சாப்பாடு கொண்டுவருகிற பையன், பார்சல் கொண்டுவருகிறவர், ஆட்டோக்காரர் எல்லோரும் ஆப் வழியாகப் பேசும்போது அவர்கள் சொந்த நம்பர் நமக்குத் தெரியாது, ஏதோ ஒரு மாற்று நம்பர்தான் வரும். தெரியாத நம்பரை எடுக்காதே என்று ஒரு பக்கம் சொல்லிக்கொண்டே, எடுக்காவிட்டால் சாப்பாடு ஆறிப்போகும் என்ற நிலைமையையும் உண்டாக்கி வைத்திருக்கிறார்கள்.

ஓடிபி விஷயமும் இப்படித்தான். யாரிடமும் சொல்லாதே என்று காலர் ட்யூன் வரைக்கும் போட்டு ஊருக்கு மனப்பாடம் ஆக்கிவிட்டார்கள். பிறகு கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் வாசலில் நின்று “கோடு சொல்லுங்கம்மா” என்கிறார். எங்கள் தெருவில் ஒரு மாமி சொல்ல மாட்டேன் என்று பிடிவாதமாக நின்றதில் சிலிண்டர் திரும்பியே போய்விட்டது. மாமியைக் கேலி செய்தார்கள். எனக்கென்னவோ மாமி பக்கம்தான் நியாயம். நாம் பதிவு செய்த சிலிண்டர், வாசலில் நிற்கிற ஆள், கண்ணெதிரே பொருள். அங்கே கோடு சொல்லலாம். அவர்களாகக் கூப்பிட்டு, முகம் தெரியாமல், அவசரப்படுத்திக் கேட்டால் சொல்லக் கூடாது. இதுதான் வித்தியாசம் என்று யாராவது ஒருவர் அவருக்குப் பொறுமையாகச் சொல்லியிருக்க வேண்டும்.

இந்தப் போனை எல்லாம் பேசுகிறவர்கள் எங்கே இருக்கிறார்கள்? பாதிப்பேர் நம்ம ஊரிலேயே இருக்கிறார்கள். அம்பத்தூர் எஸ்டேட் 1964இல் ஆரம்பித்தபோது லேத்தும் ஃபவுண்டரியும்தான். இப்போது அதே எஸ்டேட்டில் கண்ணாடிக் கட்டடங்கள், அதற்குள் ஹெட்செட் மாட்டிய பிள்ளைகள். என் அக்கா மகள் அங்கே ஒரு வாய்ஸ் ப்ராசஸில் இருக்கிறாள். இன்சூரன்ஸ் பாலிசிதாரர்களைக் கூப்பிட்டு ப்ரீமியம் ஞாபகப்படுத்துகிற வேலை. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தபோது சொன்னாள்.

“மாமா, கூப்பிட்டதும் ‘வெரிஃபிகேஷனுக்காக உங்க டேட் ஆஃப் பர்த் சொல்லுங்க’ன்னு கேக்கணும். அதுதான் ஸ்கிரிப்ட். ஒரு தாத்தா, ‘நீதானம்மா எனக்கு போன் போட்ட? முதல்ல நீ யாருன்னு சொல்லு, நான் எதுக்கு உனக்கு சொல்லணும்’னாரு. கரெக்டாதான் கேக்குறாரு. ஆனா அதுக்கு என் ஸ்கிரிப்ட்ல பதிலே இல்ல.”

இந்த இருபது வருஷக் கதையை அந்தத் தாத்தா ஒரே கேள்வியில் முடித்துவிட்டார். கம்பெனிகள் நம்மைச் சரிபார்க்க ஆயிரம் ஏற்பாடு வைத்திருக்கின்றன. பிறந்த தேதி, அம்மா பெயர், கார்டின் கடைசி நாலு இலக்கம், ஓடிபி, கைரேகை, முகம். கூப்பிடுகிறவன் தன்னை நிரூபிக்க ஏற்பாடு எதுவும் பெரிதாக இல்லை. “நான் இன்ன இடத்திலிருந்து பேசறேன்” என்று வாயால் சொல்வான், நாம் நம்ப வேண்டும். அவனாகக் கதவைத் தட்டிவிட்டு, வீட்டுக்காரனைப் பார்த்து “நீ யார், அத்தாட்சி காட்டு” என்று கேட்கிற கதை. இதற்குப் பழக்கப்படுத்தப்பட்ட ஜனங்களிடம்தான் திருடன் வந்து அதே குரலில், அதே ஸ்கிரிப்ட்டில் அதே கேள்வியைக் கேட்கிறான். அவனுக்குப் பாதி வேலையை நல்ல கம்பெனிகளே முடித்து வைத்திருக்கின்றன.

டிக் அடையாளங்கள் இதைச் சரிசெய்யுமா என்றால், கொஞ்சம் செய்யும். வாட்ஸ்அப்பில் முன்பு பச்சை டிக் இருந்தது, இப்போது நீலம். ட்ரூகாலரில் சரிபார்க்கப்பட்ட வணிகத்துக்குப் பச்சை அடையாளம், காசு கட்டித்தான் வாங்க வேண்டும். ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் ‘இது வணிகக் கணக்கு’ என்று வருவதும் நீல டிக்கும் வேறு வேறு. முதலாவது, அந்த ஆப்பை இறக்கிக்கொண்ட யாருக்கும் வரும், திருடனுக்கும் வரும். கடை போட்டோவை டிபியாக வைத்துவிட்டால் பார்க்க அசல் மாதிரியே இருக்கும்.

வெளிநாட்டுக்காரர்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்தால் சிங்கப்பூர் கதை நமக்குப் பக்கத்துக் கதை. 2021 டிசம்பரில் ஓசிபிசி வங்கியின் பெயரிலேயே போலி எஸ்எம்எஸ் போனது. போனில் நிஜ வங்கி மெசேஜ்கள் இருக்கிற அதே வரிசைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ஏறக்குறைய 790 வாடிக்கையாளர்கள், 1 கோடியே 37 லட்சம் சிங்கப்பூர் டாலர். அதற்குப் பிறகு வங்கி மெசேஜில் லிங்கே இருக்கக் கூடாது என்று ஆக்கினார்கள். 2023 ஜனவரி 31 முதல், பதிவு செய்யாத பெயரில் வருகிற மெசேஜ் எல்லாவற்றுக்கும் ‘மோசடியாக இருக்கலாம்’ என்று போனிலேயே முத்திரை விழுந்தது. 2024 ஜூலையிலிருந்து அரசாங்க அலுவலகங்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே பெயரில்தான் மெசேஜ் அனுப்புகின்றன. சின்ன நாடு, சுலபமாகச் செய்துவிட்டார்கள் என்று சொல்லலாம். ஆனால் ஒரே பெயர் என்ற யோசனைக்கு நாடு சின்னதாக இருக்க வேண்டிய அவசியம் இல்லையே. அமெரிக்காவில் 2021 ஜூன் முதல் பெரிய டெலிகாம் கம்பெனிகள் அழைப்புகளுக்கு டிஜிட்டல் கையெழுத்துப் போட வேண்டும். அதனால் நம்பரைத் திருடிப் பேசுவது சிரமமானது. தொல்லை போன் நின்றதா என்றால், இல்லை. கையெழுத்து நம்பர் யாருடையது என்று சொல்லும், பேசுகிறவன் மனசில் என்ன இருக்கிறது என்று சொல்லாது.

நண்பரின் கடைக்கு வருகிறேன். அவரிடம் நான் கேட்ட முதல் கேள்வி, எத்தனை நம்பர் வைத்திருக்கிறீர்கள் என்பது. அவருடையது, ரெண்டு பையன்களுடையது, மெசேஜ் போட ஒன்று, பழைய நம்பரில் எடுக்கவில்லை என்றதும் புதிதாக வாங்கிய இன்னொன்று. இங்கேதான் கோளாறு. சிவப்பு விழுந்ததும் புது சிம் வாங்குவது திருடன் செய்கிற வேலை. எஸ்டேட் கால் சென்டர்கள் சிலவும் அதையேதான் செய்தன. நம்பரை மாற்றி மாற்றிக் கூப்பிடும். 2024 ஆகஸ்டிலிருந்து டிராய் அப்படிப் பேசுகிறவர்களின் இணைப்புகளைக் கொத்துக் கொத்தாகத் துண்டிக்கச் சொல்லியிருக்கிறது. இப்போது பத்து நாளில் ஐந்து புகார் வந்தாலே நடவடிக்கை எடுக்கலாம்; முன்பு ஏழு நாளில் பத்து புகார் வேண்டியிருந்தது. நண்பர் ஞாபகப்படுத்துகிறேன் பேர்வழி என்று நாள் முழுக்கக் கூப்பிட்டால் அவரும் அந்தக் கணக்கில் மாட்டுவார்.

ஒரே நம்பர். யார் பேசினாலும் அதிலிருந்துதான். அந்த நம்பர் என்ன என்பது வாடிக்கையாளர் வீட்டிலேயே இருக்கிறது, மெஷினின் பக்கவாட்டில் ஒட்டிய ஸ்டிக்கரில்.

“அதான் சார் விஷயம்,” என்றார் அவர். “நான் ஒட்டினது மேல இன்னொருத்தன் வந்து அவன் ஸ்டிக்கரை ஒட்டிட்டுப் போறான்.”

இந்த ஸ்டிக்கர் யுத்தம் கொரட்டூரிலிருந்து கரையான்சாவடி வரைக்கும் நடக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. இருந்தாலும் ஸ்டிக்கரைவிட நல்ல அத்தாட்சி எனக்குத் தோன்றவில்லை. பெயர், விலாசம், மெஷின் மாடல் எல்லாம் சொல்லிவிட்டால் நம்பலாம் என்று ஒரு காலத்தில் நினைத்தோம். இன்றைக்கு அந்த விவரங்கள் எல்லாம் லிஸ்ட்டாக விலைக்குக் கிடைக்கின்றன. மோசடிக்காரன் நம் பெயரை அப்பா பெயரோடு சேர்த்துச் சொல்கிறான். ஆகவே கூப்பிடுகிறவன் சொல்கிற எந்த விவரமும் அத்தாட்சி இல்லை. போனை வைத்துவிட்டு, நம் கையில் ஏற்கெனவே இருக்கிற நம்பருக்கு நாமாகத் திருப்பிக் கூப்பிடுவது மட்டும்தான் அத்தாட்சி. வங்கி என்றால் கார்டின் பின்பக்கம், கரண்ட் என்றால் மின்னகம், ஆர்ஓ என்றால் ஸ்டிக்கர்.

நல்ல வியாபாரி அதை அவராகவே சொல்ல வேண்டும். “அம்மா, கம்ப்ளைன்ட் குடுத்திருந்தீங்க, அதுக்காகப் பேசறேன். சந்தேகமா இருந்தா வெச்சிட்டு மெஷின்ல ஒட்டியிருக்கிற நம்பருக்கு நீங்களே கூப்பிடுங்க.” எந்தத் திருடனும் இந்த வாக்கியத்தைச் சொல்ல முடியாது. அவன் பிழைப்பே நீங்கள் போனை வைத்துவிடாமல் இருப்பதில் இருக்கிறது. அக்கா மகளின் ஸ்கிரிப்ட்டிலும் இந்த ஒரு வரியைச் சேர்த்தால் தாத்தாவுக்குப் பதில் கிடைத்துவிடும். அவள் டீம் லீடரிடம் கேட்டாளாம். “கால் டைம் ஏறிடும்” என்றாராம். திருப்பிக் கூப்பிட்டால் எடுக்க அங்கே ஆளும் இல்லை. அவர்கள் வெளியே பேசுகிற நம்பருக்கு உள்ளே வருகிற வழி கிடையாது. பெரிய கம்பெனிகளுக்கு இதுதான் இடறுகிறது. நிரூபிக்கத் தயாராக இருப்பது என்றால் போனை எடுக்கத் தயாராக இருப்பது. அதற்கு ஆள் சம்பளம் ஆகும், டிக் வாங்குவது மலிவு.

நண்பருக்கு அந்த விஷயத்தில் கஷ்டம் இல்லை. கூப்பிட்டால் முதல் மணியிலேயே எடுப்பவர் அவர். கூப்பிடுவதற்கு முன்னால் வாட்ஸ்அப்பில் தமிழில் ஒரு மெசேஜ் போட ஆரம்பித்திருக்கிறார். அங்கே எழுபதுக் கணக்கு இல்லை. வருகிற பையனின் பெயர், போட்டோ, எந்த நேரம், பார்ப்பதற்கு மட்டும் எவ்வளவு, மாற்ற வேண்டியிருந்தால் முதலில் விலை சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் மாற்றுவோம் என்பது. லிங்க் கிடையாது. முன்பணம் கிடையாது. கேண்டில் ஞாபகப்படுத்துவதைப் போனில் செய்வதை விட்டுவிட்டார், அதுவும் மெசேஜ்தான், வேண்டாம் என்றவருக்கு அதுவும் இல்லை. ட்ரூகாலரில் பெயரைத் திருத்தச் சொல்லி எழுதியிருக்கிறோம். ‘தொல்லை’ போய்விடும் என்று நினைக்கிறேன்.

மிச்சம் இருப்பது ஒன்று. கூப்பிடுகிறவரின் பெயர் தானாகவே திரையில் வருகிற முறை இந்தியாவிலும் படிப்படியாக வரத் தொடங்கியிருக்கிறது. டிராய் 2024 பிப்ரவரியில் பரிந்துரைத்து, 2025 அக்டோபரில் தொலைத்தொடர்புத் துறையோடு பேசி முடித்தது. இதில் ஊர் வைக்கிற பெயர் இல்லை, சிம் வாங்கும்போது கொடுத்த அத்தாட்சியில் இருக்கிற பெயர். வணிக இணைப்பு வைத்திருப்பவர்கள் கடைப் பெயரையே காட்டலாம் என்றும் பரிந்துரையில் உண்டு. நண்பர் இதைக் கேட்டதும் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். தலையைச் சொறிந்தார்.

“சார், அந்த நம்பர் மச்சான் பேர்ல இருக்கு.”

கடை திறந்த புதிதில் அவசரத்துக்கு மச்சான் வாங்கிக் கொடுத்த சிம். ஸ்டிக்கர், விசிட்டிங் கார்டு, எம்டிஹெச் ரோடு பக்கத்துச் சுவர் விளம்பரம் எல்லாவற்றிலும் அதே நம்பர்தான். பெயர் காட்டுகிற நாள் வந்தால் ஒவ்வொரு வீட்டிலும் மச்சான் பெயர்தான் மின்னும். மாற்ற வேண்டும் என்றால் மச்சான் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று கடையில் சொல்லிவிட்டார்கள். மச்சான் துபாயில் இருக்கிறார். பொங்கலுக்கு வருகிறாராம்.